சாதா ஃபான்ட்டில் கணக்கு: எது கெட்டால் எங்கே பார்ப்பது

பெங்களூரு மத்திகெரேயில் எங்களுடையது சின்ன டைப்பிங், பைண்டிங் கடை. சுற்றிலும் ஆராய்ச்சி மாணவர்கள் தங்கும் அறைகள். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள். "அக்கா, நாளைக்கு சப்மிஷன், ஃபார்முலா எல்லாம் கட்டம் கட்டமா வருது" என்று பென் டிரைவை நீட்டுவார்கள். பத்தில் எட்டு கோப்புகளுக்கு வியாதி ஒன்றுதான். "ஆய்வேடு முழுக்க டைம்ஸ் நியூ ரோமன், 12 பாயின்ட்" என்று விதித்தாள் சொல்கிறது. பிள்ளை அந்த "முழுக்க"வை நம்பி, சமன்பாட்டுக்கும் அதே ஃபான்ட்டைப் போட்டுவிடுகிறது.

எழுத்தும் எண்ணும் சாதா ஃபான்ட்டில் இருந்து வரலாம். வர்க்கமூலம், தொகையீட்டுக் குறி, வளரும் அடைப்புக்குறி, அடுக்கு ஏறும் உயரம் இவையெல்லாம் கணிதத்துக்கென்றே செய்த ஃபான்ட்டில் இருந்துதான் வர வேண்டும். அப்படிப்பட்ட ஃபான்ட் கோப்புக்குள் கணித அட்டவணை என்று ஒன்று இருக்கும். ஐம்பதுக்கும் மேற்பட்ட அளவுகள் அதில் குறித்திருக்கும். டைம்ஸ் நியூ ரோமனில் அது கிடையாது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

எதையும் தொடும் முன் கோப்பை ஒரு நகல் எடுங்கள். கெட்டுப்போன ஒரே ஒரு சமன்பாட்டை மட்டும் புதிய கோப்பில் போட்டு, மென்பொருளின் சொந்தக் கணித ஃபான்ட்டிலேயே பாருங்கள். அங்கே சரியாக வந்தால் குற்றம் ஃபான்ட்டில். அங்கேயும் கோணலாக இருந்தால் அடித்த விதத்தில். இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் ராத்திரி முழுக்க ஃபான்ட் இறக்கிக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வேர்டில் சமன்பாட்டின் ஃபான்ட் மாறவே மாட்டேன் என்கிறது

சமன்பாட்டைத் தேர்ந்தெடுத்து டைம்ஸ் நியூ ரோமன் என்று கொடுத்தாலும் அது வேர்டின் சொந்தக் கணித ஃபான்ட்டான கேம்பிரியா மேத்திலேயே நிற்கும். இது பிழையே இல்லை. வேர்டு 2007 முதல் கணித அட்டவணை உள்ள ஃபான்ட்டை மட்டும்தான் சமன்பாட்டுப் பகுதி ஏற்கும்.

முதலில், விதித்தாள் உண்மையில் சமன்பாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறதா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். பெரும்பாலும் "உரைக்கு மட்டும்தான்" என்று பதில் வரும், வேலை முடிந்தது.

"இல்லை, டைம்ஸ் போலவே வேண்டும்" என்றால் ஸ்டிக்ஸ் டூ மேத் அல்லது டெக் ஜைர் டெர்மிஸ் மேத் என்ற ஃபான்ட்டை நிறுவுங்கள். இரண்டும் இலவசம், இரண்டும் டைம்ஸ் சாயலில் செய்தவை. வேர்டை மூடித் திறந்து, சமன்பாட்டுப் பட்டையில் கன்வர்ஷன்ஸ் பகுதியின் மூலையில் உள்ள குட்டி அம்பைத் தட்டினால் கணிதப் பகுதிக்கான இயல்பு ஃபான்ட்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் வரும். அங்கே மாற்றுங்கள்.

"நார்மல் டெக்ஸ்ட்" பொத்தானைத் தட்டினால் டைம்ஸ் ஏறிவிடுமே என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். ஏறும். கூடவே மாறிகளின் சாய்வு போகும், குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியும் போகும். ஓரிரு சொல்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லாடெக்கில் உரை டைம்ஸாக மாறிவிட்டது, கணக்கு மாறவில்லை

லாடெக் என்பது கட்டளைகளை அடித்து ஆவணம் உருவாக்கும் மென்பொருள், பேக்கேஜ் என்பது அதில் சேர்க்கும் துணைத் தொகுப்பு. பழைய டைம்ஸ் பேக்கேஜ் உரையை மட்டுமே மாற்றும், கணக்கு லாடெக்கின் இயல்பு ஃபான்ட்டான கம்ப்யூட்டர் மாடர்னிலேயே கிடக்கும். நீங்கள் ஓட்டுவது பிடிஎஃப்லாடெக் என்ற வழக்கமான எஞ்சின் என்றால் நியூடிஎக்ஸ் பேக்கேஜில் உரைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். மேத்பிடிஎம்எக்ஸ் என்ற பேக்கேஜும் ஓடும். ஆனால் அதில் தடித்த கணித எழுத்து இல்லை, வெக்டரைத் தடித்துக் காட்டுகிறவர்களுக்கு உதவாது.

எழுத்தே இல்லை: கூட்டல் குறி இருக்கிறது, எக்ஸும் ஒய்யும் மாயம்

கணினியில் உள்ள ஃபான்ட்டை நேரடியாக எடுக்கும் ஸீலாடெக், லுவாலாடெக் எஞ்சின்களை ஓட்டுகிறவர்களின் முதல் புகார் இது. யூனிகோட்-மேத் பேக்கேஜில் பிரதானக் கணித ஃபான்ட்டாக ஒரு சாதா ஃபான்ட்டைக் கொடுத்திருப்பார்கள். யூனிகோடில் கணிதச் சாய்வெழுத்துகளுக்குத் தனி வரிசை உண்டு. சாதா ஃபான்ட்டில் அந்த வரிசை காலி, அதன் சாய்வெழுத்து வேறொரு கோப்பில் இருக்கிறது. மென்பொருள் காலி இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் போடாமல் நகர்ந்துவிடும்.

மோசமான விஷயம், அது சத்தம் போடாமல் நகர்வதுதான். பழைய நிறுவல்களில் எச்சரிக்கை லாக் கோப்பில் மட்டும் இருக்கும், 300 பக்க ஆய்வேட்டில் யார் லாக் படிக்கிறார்கள்? ட்ரேசிங்-லாஸ்ட்-கேர்ஸ் என்ற அளவுருவுக்கு 2 கொடுத்தால் எச்சரிக்கை திரையிலேயே வரும். லாடெக்கை நிறுவும் தொகுப்பான டெக் லைவில் 2021 பதிப்பு முதல் 3 கொடுத்தால் பிழை என்றே சொல்லி நிறுத்தும். நான் எல்லாக் கோப்பிலும் முதல் வேலையாக 3 போட்டுவிடுகிறேன்.

சரிசெய்ய எளிய வழி, அதே சாயலில் உள்ள கணித ஃபான்ட்டுக்குப் போவது. பாலடினோ வைத்திருந்தால் டெக் ஜைர் பஜெல்லா மேத். செஞ்சுரி ஸ்கூல்புக் என்றால் டெக் ஜைர் ஸ்கோலா மேத். ஈபி கேரமாண்டுக்கு கேரமாண்ட்-மேத், லிபர்ட்டைனுக்கு லிபர்டினஸ் மேத், ஃபிரா சான்ஸுக்கு ஃபிரா மேத். எல்லாமே இலவசம்.

ஜோடி இல்லாத ஃபான்ட் என்றால் அடுத்த வழி. முதலில் ஒரு முழுக் கணித ஃபான்ட்டைப் பிரதானமாக ஏற்றுங்கள். அதன் பிறகு, எந்த எழுத்துகளுக்கு மட்டும் என்று சொல்லும் ரேஞ்ச் விருப்பத்தில் சாய்வெழுத்து வரிசையை மட்டும் உங்கள் ஃபான்ட்டின் இட்டாலிக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். திருப்பும்போது "நேரெழுத்து இடத்தில் இருந்து எடு" என்று அம்புக்குறி போட்டுச் சொல்லிவிடுங்கள். அப்போது மறுபடி அதே காலி இடத்தில் தேடாது. இதைச் செய்த பிறகு வர்க்கமூலக் கோடு தடித்தோ, பின்னக் கோடு மேலே ஏறியோ வந்தால், பிரதான ஃபான்ட்டைக் காலி ரேஞ்சோடு கடைசியில் இன்னொரு தரம் ஏற்றுங்கள். கடைசியாக ஏற்றிய ஃபான்ட்டின் அளவுகளை மென்பொருள் பிடித்துக்கொள்வதால் வரும் கோளாறு அது.

யூனிகோட்-மேத்தே வேண்டாம் என்றால் ஸீலாடெக்கில் மேத்ஸ்பெக் இருக்கிறது, எந்த எஞ்சினிலும் ஓடுகிற மேத்-ஆஸ்-டெக்ஸ்ட் இருக்கிறது. இரண்டுமே எழுத்தையும் எண்ணையும், மேத்-ஆஸ்-டெக்ஸ்ட் என்றால் சில எளிய குறிகளையும், உங்கள் ஃபான்ட்டில் இருந்து எடுக்கும், பெரிய கணிதக் குறிகளைத் தொடாது. அவசர வேலைக்கு நான் கைவைப்பது மேத்-ஆஸ்-டெக்ஸ்ட்.

*எல்லாம் இருக்கிறது, சிறிய எச் மட்டும் இல்லை.* இது தனிக் கதை. கணிதச் சாய்வெழுத்து வரிசையில் எச்சுக்கான இடத்தை யூனிகோடே காலியாக விட்டிருக்கிறது. பிளாங்க் மாறிலிக்கான குறி முன்பே வேறு இடத்தில் இருந்ததால் அதையே பயன்படுத்தச் சொல்லிவிட்டார்கள். வலைத்தளத்தில் இருந்து எடுத்து ஒட்டிய சமன்பாடு, யாரோ எழுதிய மாற்றி நிரல், அரைகுறையாகச் செய்த ஃபான்ட் இந்த மூன்றில் ஒன்று அந்த ஓட்டையில் விழுந்திருக்கும். அந்த எழுத்தைக் கையால் திரும்ப அடியுங்கள். இயற்பியல் பிள்ளைகளுக்குத்தான் இது அடிக்கடி வரும், பாவம், அவர்களுக்கு எச் இல்லாமல் ஒரு பக்கம் நகராது.

"சிம்பல் ஃபான்ட் போதாது" என்று சொல்லி சமன்பாட்டையே நீக்கிவிடுகிறது

லாடெக்கின் அடித்தளமான டெக்கின் பழைய முறையில், குறிகளுக்கான இரண்டாவது குடும்பத்தில் வைக்கும் ஃபான்ட் குறைந்தது 22 அளவுகளோடு வர வேண்டும், பெரிய குறிகளுக்கான மூன்றாவது குடும்பம் 13 அளவுகளோடு. சாதா உரை ஃபான்ட் வழக்கமாக 7 அளவுகளோடுதான் வருகிறது. யாரோ அந்த இடத்தில் உரை ஃபான்ட்டை உட்கார வைத்திருக்கிறார்கள். கோப்பின் முகப்பில் டிக்ளேர்-சிம்பல்-ஃபான்ட் என்று தொடங்கும் வரிகளைத் தேடி, ஒவ்வொன்றாகக் கருத்துவரியாக்கி (தொடக்கத்தில் % போட்டு, மென்பொருள் படிக்காதபடி செய்து) ஓட்டிப் பாருங்கள். நீக்கியதும் ஓடுகிற வரிதான் குற்றவாளி. முகப்பு உங்கள் துறை கொடுத்த ஸ்டைல் கோப்புக்குள் இருந்தால் அதைத் திருத்தாதீர்கள், துறையில் அதைப் பராமரிப்பவரிடம் சொல்லுங்கள். நீங்கள் திருத்தியது அடுத்த பதிப்பு வந்ததும் போய்விடும்.

அடைப்புக்குறி வளரவில்லை, வர்க்கமூலக் கோடு ஒட்டவில்லை

வேர்டில் இன்சர்ட் சிம்பலில் √ எடுத்துப் போட்டு, மேலே ஒரு கோடு வரைந்து வைத்திருப்பார்கள். திரையில் ஒட்டினது போல இருக்கும், அச்சில் விலகும். பெரிய பின்னத்துக்கு அடைப்புக்குறியை 12ல் இருந்து 28 பாயின்ட்டாக்கினால் உயரம் வரும், தடிமனும் சேர்ந்து வரும். பூசணிக்காய்க்குப் போட்ட வேலி மாதிரி நிற்கும்.

சாதா ஃபான்ட்டில் அடைப்புக்குறி ஒரே ஒரு அளவில்தான் இருக்கிறது. கணித ஃபான்ட்டில் அதற்குப் பல அளவுகளும், அதற்கு மேல் நீட்ட வேண்டுமானால் ஒட்டுத் துண்டுகளும் இருக்கும். ஆகவே இதற்கு ஒட்டுப்போடும் வழி கிடையாது. ஆல்ட் விசையோடு சமக்குறியைத் தட்டி, வரும் பெட்டிக்குள் சமன்பாட்டைத் திரும்ப அடிக்க வேண்டும். லாடெக்கில் லெஃப்ட், ரைட் கட்டளைகள் போட்டும் வளரவில்லை என்றால், அடைப்புக்குறியையும் ரேஞ்சில் சேர்த்து உரை ஃபான்ட்டுக்குத் திருப்பிவிட்டீர்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

கையால் கோடு வரைந்த சமன்பாடு இருபது முப்பது வரை என்றால் நீங்களே அடியுங்கள். நூறைத் தாண்டினால் சமன்பாடு அடிக்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். எங்கள் கடைக்குத்தான் என்று இல்லை, இந்த ஊரில் அப்படி ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு நிபந்தனை: முதலில் மூன்று பக்கம் மாதிரிக்குச் செய்து வாங்கிப் பாருங்கள்.

எஃப் அடைப்புக்குறியில் முட்டுகிறது, அடுக்கு எழுத்தின் மேல் ஏறுகிறது

உரைச் சாய்வெழுத்தின் எஃப் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு சொல்லுக்குள் அது அழகு. எக்ஸின் எஃப் என்று அடைப்புக்குறி போட்டதும் போய் முட்டும். முதலில் அச்சில் பாருங்கள், திரையில் முட்டுவது சில சமயம் திரையின் குற்றம். அச்சிலும் முட்டினால், அந்த ஓர் இடத்தில் மெல்லிய இடைவெளி கொடுங்கள். முட்டும் இடம் பக்கத்துக்குப் பத்து என்றால் மேத்ஸ்பெக்கில் எழுத்தைச் சுற்றிக் குறைந்தபட்ச இடம் ஒதுக்கும் வசதி இருக்கிறது. அதற்கும் மேல் பொறுமை இல்லை என்றால் ஜோடிக் கணித ஃபான்ட்டுக்குப் போய்விடுங்கள். அவற்றில் இந்த இடைவெளி முன்பே திருத்தப்பட்டிருக்கும்.

எது எந்த எழுத்து என்று தெரியவில்லை

ஏரியலில் பெரிய ஐயும் சிறிய எல்லும் வெறும் நிற்கும் கோடுகள். டைம்ஸ் சாய்வில் வீயும் கிரேக்க நியூவும் அண்ணன் தம்பி. உங்கள் ஆய்வில் வரும் மாறிகளை எல்லாம் ஒரே வரியில் அடித்து, அச்செடுத்து, துறை சாராத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் தடுக்கும் இடத்தில் குறியீட்டை மாற்றுங்கள், அல்லது ஃபான்ட்டை. குறியீட்டை மாற்றுவது சுலபம் என்று நினைத்தால், ஒரு தரம் ஐந்தாம் அத்தியாயம் வரை போய்ப் பாருங்கள்.

மைனஸ் குட்டையாக இருக்கிறது, ² ஒரு மாதிரி ⁴ ஒரு மாதிரி

விசைப்பலகையில் இருப்பது இணைப்புக்கோடு, மைனஸ் இல்லை. வேர்டில் 2212 என்று அடித்து ஆல்ட்டோடு எக்ஸைத் தட்டினால் உண்மையான மைனஸ் வரும். மைனஸ் ஐந்து என்று அடித்தால் மைனஸ் ஒரு வரியின் முடிவிலும் ஐந்து அடுத்த வரியிலும் விழும் தொல்லை அநேகமாக இதோடு தீரும்.

அடுக்கில் ஏற்படும் வேறுபாடு வேறு விஷயம். ¹ ² ³ மூன்றும் பழைய காலத்துக் குறிகள், ஏறக்குறைய எல்லா ஃபான்ட்டிலும் உண்டு. ⁴ முதல் மேலே உள்ளவை யூனிகோடில் வேறு இடத்தில் இருக்கின்றன, பல ஃபான்ட்டுகளில் கிடையாது. இல்லாததை மென்பொருள் பக்கத்து வீட்டு ஃபான்ட்டில் இருந்து வாங்கி வந்து வைக்கும். ஆயத்தக் குறிகளை விட்டு, எல்லா அடுக்கையும் சூப்பர்ஸ்கிரிப்டாக அடியுங்கள். கலந்து மட்டும் அடிக்காதீர்கள்.

சமன்பாட்டில் "ஸ்ரீ" வந்து உட்கார்ந்திருக்கிறது

அல்சூரில் இருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வருவார். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு வினாத்தாள் தயாரிப்பது அவர் பொழுதுபோக்கு. ஒருநாள் தாளை மேஜையில் போட்டுவிட்டு, "ஏம்மா, நான் எக்ஸ் சமம் ஒய்னுதான் அடிச்சேன். ஸ்ரீயை யாரும்மா நடுவுல உக்கார வச்சது?" என்றார். தாளில் "ஒ ஸ்ரீ ல" என்று இருந்தது.

யூனிகோடுக்கு முந்திய பாமினி என்ற தமிழ் ஃபான்ட்டின் வேலை. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். எக்ஸ் இருக்கும் இடத்தில் ஒ, ஒய் இருக்கும் இடத்தில் ல, சமக்குறி இருக்கும் இடத்தில் ஸ்ரீ. சமன்பாட்டை அடிக்கும்போது ஃபான்ட்டை மாற்ற மறந்திருக்கிறார், அல்லது கடைசியில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து பாமினி கொடுத்திருக்கிறார்.

இங்கே கிளை இரண்டு. கோப்பு இன்னும் பாமினியிலேயே இருந்தால் பயமில்லை. சமன்பாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து டைம்ஸ் கொடுங்கள், அடியில் இருப்பது ஆங்கிலக் குறிதான், அப்படியே திரும்பி வரும். கோப்பை மாற்றி நிரலில் போட்டு யூனிகோடாக்கிவிட்டால் கதை வேறு. இப்போது அது நிஜமாகவே "ஸ்ரீ", ஃபான்ட் மாற்றிப் பயனில்லை. மாற்றுவதற்கு முந்திய கோப்பைத் தேடுங்கள். அது இல்லையென்றால் கையால் அடிப்பதுதான் நம்பகமான வழி. இனிமேல் மாற்றும்போது பாமினி ஃபான்ட்டில் இருக்கும் தமிழ்ப் பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள், சமன்பாட்டை மாற்றி நிரலின் கண்ணில் காட்டாதீர்கள்.

*யூனிகோட் தமிழ்தான், ஆனால் சமன்பாட்டுக்குள் சிதறுகிறது.* "கொ" என்பது கொம்பு, க, கால் என்று மூன்றாகப் பிரிந்து, நடுவில் புள்ளிவட்டம் தெரியும். கணிதப் பகுதி ஒவ்வோர் எழுத்தையும் தனி மாறியாக நினைக்கிறது, சேர்த்து வடிவமைப்பதில்லை. லாடெக்கில் "எனில்", "பரப்பு" போன்ற சொற்களை டெக்ஸ்ட் கட்டளைக்குள் வையுங்கள், அந்தக் கட்டளை தமிழ் ஃபான்ட்டை எடுக்கிறதா என்றும் பாருங்கள். லுவாலாடெக்கில் ரெண்டரரை (எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் பகுதியை) ஹார்ஃப்பஸ் என்று குறிப்பிட வேண்டும். வேர்டில் நான் தமிழ்ச் சொல்லைச் சமன்பாட்டுப் பெட்டிக்கு வெளியே எடுத்துவிடுகிறேன்.

பழைய கோப்பு: சமன்பாடு தெரிகிறது, திருத்த முடியவில்லை

வேர்டோடு வந்த பழைய ஈக்வேஷன் எடிட்டரில் செய்தது. பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசாஃப்ட் அதை 2018 ஜனவரியில் நீக்கிவிட்டது. புதிய வேர்டு பதிப்புகளில் இரண்டு தட்டுத் தட்டினால் புதிய வடிவுக்கு மாற்றட்டுமா என்று கேட்கும், சம்மதியுங்கள். கேட்காவிட்டால் மேத்டைப் என்ற சமன்பாட்டு மென்பொருள் வைத்திருப்பவரிடம் போக வேண்டும், அதில் இவை திறக்கும். திருத்தவே வேண்டாம், குறிகள் மட்டும் வேறாகத் தெரிகின்றன என்றால் எம்டி எக்ஸ்ட்ரா என்ற ஃபான்ட் அந்தக் கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் சரி, அச்சகத்தில் கட்டம்

ஃபான்ட் பிடிஎஃப்புக்குள் போகவில்லை. அக்ரோபேட் ரீடரில் கன்ட்ரோலோடு டியைத் தட்டி, ஃபான்ட்ஸ் தாளைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் பக்கத்தில் "எம்பெடட்" என்று இருக்க வேண்டும். லினக்ஸ் பிள்ளைகள் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையை ஓட்டலாம்.

இல்லாத ஃபான்ட் ஒன்று இருந்தால் பிரின்ட் வழியாக எடுக்காமல் வேர்டின் "சேவ் ஆஸ்" வழியாக எடுங்கள், விருப்பங்களில் பிடிஎஃப்/ஏ இணக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து மங்கலாக, படம் போல வருகிறதா? அப்படியானால் அந்த ஃபான்ட்டின் உரிமம் உள்ளே வைக்க அனுமதிக்கவில்லை, வேர்டு அதைப் படமாக்கிவிட்டது. ஃபான்ட்டை மாற்றுங்கள். உரிமத்தை மீற வழி கேட்டு வருகிறவர்களுக்கு எங்கள் கடையில் டீ மட்டும் உண்டு.

ஜோடியும் இல்லை, எழுத்தையும் விட மனமில்லை

பத்திரிகைக்கோ பதிப்பகத்துக்கோ சொந்தமாக ஒரு ஃபான்ட் இருக்கும், கணிதமும் அதிலேயே வேண்டும் என்பார்கள். முதலில் மேலே சொன்ன ரேஞ்ச் வழியில் பத்துப் பக்கம் செய்து காட்டுங்கள், பாதிப் பேர் அதிலேயே திருப்திப்படுவார்கள். அடுத்தது காசு கொடுத்து வாங்கும் கணிதக் குடும்பங்கள். மினியன் மேத் இருக்கிறது, லூசிடாவின் கணித ஃபான்ட்டை டெக் பயனர் குழு விற்கிறது.

அதுவும் சரிப்படவில்லை என்றால், இருக்கும் ஃபான்ட்டுக்குக் கணித அட்டவணையைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஃபான்ட் செய்யும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் அந்த வசதி உண்டு. நான் ஒருமுறை முயன்றேன். வர்க்கமூலத்தின் ஒரே ஒரு கோடு சரியாக உட்கார ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, தொகையீட்டுக் குறி திங்கட்கிழமையையும் கேட்டது. இது ஃபான்ட் வடிவமைப்பாளரின் வேலை, வாரக்கணக்கில் பிடிக்கும். அவரைக் கூப்பிடும் முன் ஃபான்ட்டின் உரிமத்தில் மாற்றம் செய்ய அனுமதி இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.